இறக்கும்போது மட்டும் ஏன் நழுவுகிறது?

கேள்வி: வள்ளங்களைக் கரையேற்றும் வின்ச்சுக்கு 4 கிலோவாற் தூண்டல் மோட்டரும், அதற்குச் செல்லும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை ஆளும் இன்வேர்ட்டரும் பூட்டியுள்ளோம். அச்சின் சுழற்சியை அளக்கும் உணரியான என்கோடர் இல்லாமலே இந்த இன்வேர்ட்டர் வேகத்தைக் கணிக்கிறது. ஏற்றும்போது குறையில்லை. மெதுவாக இறக்கும்போது ஓரிடத்தில் மோட்டர் உதறி, வள்ளம் பிடியின்றிக் கடலை நோக்கி ஓடுகிறது. இன்வேர்ட்டர் பழுதா?
— வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: பழுதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இது தீரும்வரை வள்ளத்தின் கீழ்ப்பக்கம் எவரையும் நிற்க விடாதீர்கள்.

உங்கள் இன்வேர்ட்டர், சுழலும் காந்தப்பாயம் சுருள்களில் தூண்டும் வோல்ற்றளவைக் கொண்டே வேகத்தைக் கணிக்கிறது. 50 ஹேர்ட்ஸில் பேஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 230 வோல்ற்றாக இருக்கும் அது, 1 ஹேர்ட்ஸில் 4.6 வோல்ற்றாகச் சுருங்கிவிடும். சுருளின் மின்தடை 1.5 ஓம், மின்னோட்டம் 8 அம்பியர் என்று கொண்டால், மின்தடையில் மட்டும் 12 வோல்ற் விழுகிறது. இதைக் கழித்தால்தான் அந்த 4.6 வோல்ற்றை இன்வேர்ட்டர் அறிய முடியும்; மின்தடையின் பெறுமானம் சற்றுப் பிசகினாலும் கணிப்பு தவறும். செம்பின் மின்தடையோ பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.39 வீதம் ஏறுவது. காலையில் குளிர்ந்த மோட்டரில் அளந்த பெறுமானம், நாலைந்து வள்ளம் இழுத்துச் சூடேறிய பின் பொருந்தாது.

இறக்கும்போது மட்டும் நழுவுவதற்கான காரணம் இன்னும் ஆழமானது. மோட்டரின் தகட்டில் நிமிடத்துக்கு 1440 சுற்று என்று இருந்தால், முழுப்பாரத்தில் சுழலி 1500 சுற்றுக் காந்தப்புலத்துக்கு 60 சுற்றுப் பின்தங்குகிறது. இந்தப் பின்தங்கலே நழுவல். நான்கு துருவ மோட்டரில் இது 2 ஹேர்ட்ஸ். நிமிடத்துக்கு 60 சுற்றில் ஏற்றுவதற்கு, சுழற்சிக்கு 2, நழுவலுக்கு 2 என 4 ஹேர்ட்ஸ் வேண்டும். அதே பாரத்தை அதே வேகத்தில் இறக்கும்போதோ, மோட்டர் பிறேக்காக நின்று பாரத்தைத் தாங்குவதால், சுழற்சியின் 2 ஹேர்ட்ஸும் நழுவலின் 2 ஹேர்ட்ஸும் ஒன்றையொன்று கழித்துப் பூச்சியமாகின்றன. காந்தப்புலம் அசையாமல் நிற்கிறது. நிலையான சுருளில் எதுவும் தூண்டப்படுவதில்லை. வேகத்தை அறிய இன்வேர்ட்டருக்கு எந்தத் தடயமும் இல்லை. தூண்டப்படும் வோல்ற்றளவை நம்பும் கணிப்பு முறை எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் அந்தப் புள்ளியில் நிலைத்து நிற்க முடியாது. பாரம் பாதியானால் அந்த இடம் 30 சுற்றுக்கு அருகே நகரும்.

இன்வேர்ட்டரின் திரையில் வெளியீட்டு அதிர்வெண்ணைக் காட்டவைத்து, பாரமற்ற சிறு வள்ளமொன்றை இறக்கிப் பாருங்கள். உதறல் எழும் கணத்தில் எண் பூச்சியத்தை ஒட்டி இருந்தால் காரணம் இதுவே.

என் பரிந்துரை, மோட்டரின் அச்சில் என்கோடர் பூட்டி, அதை ஏற்கும் அட்டையையும் இன்வேர்ட்டரில் செருகுவது. அது இயலாவிட்டால் கியர் விகிதத்தைக் கூட்டி, வள்ளம் மெதுவாக இறங்கும்போதும் மோட்டர் 300 சுற்றுக்கு மேல் ஓடும்படி செய்யலாம். பூச்சியப் புள்ளியைத் தொடக்கத்திலும் நிறுத்தத்திலும் கணப்பொழுதில் கடந்துவிடும். எப்படிச் செய்தாலும், இறங்கும் வள்ளம் திருப்பித் தரும் சக்தியை எரிக்கப் பிறேக் தடையியும், மின்சாரம் நின்றதும் தானே கவ்விக்கொள்ளும் இயந்திரப் பிறேக்கும் அவசியம். நின்றிருக்கும் வள்ளத்தை இந்தப் பிறேக்தான் தாங்க வேண்டும், மோட்டர் அல்ல.