பன்னிரண்டு ஓட்டு உள்ளவர் யாருக்கு எதிரி?

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸில், செபு நகரத்தில் இருக்கிறார்கள். 2025 மே 12 அன்று அங்கே இடைத்தேர்தல் நடந்தது. மறுநாள் காணொளிக் கூட்டத்தில் ஒரு தோழி மை வைத்த விரலைக் காட்டினார். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று சும்மா கேட்டேன். முன்னாள் அதிபர் டுடெர்டேயின் வலக்கரமான போங் கோவுக்கும் போட்டேன், லிபரல் பக்கத்து பாம் அக்கினோவுக்கும் போட்டேன் என்றார். டுடெர்டே ஆட்சியை அத்தனை வருடம் எதிர்த்தவர்கள் லிபரல்காரர்கள். ஒரே ஆள் ஒரே நாளில் உதயசூரியனுக்கும் இரட்டை இலைக்கும் ஓட்டுப் போட்டது மாதிரி இருந்தது எனக்கு. முடிவில் பார்த்தால் போங் கோ முதலிடம், பாம் அக்கினோ இரண்டாமிடம். அந்த ஊர் மக்களுக்கு அரசியல் தெளிவே கிடையாதா? இல்லை, எனக்குத்தான் ஏதோ புரியவில்லையா? அதிபர் மார்கோஸ் இதில் ஜெயித்தாரா, தோற்றாரா என்பதையும் பத்திரிகைகளைப் படித்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு சொல் சிக்கல். இடைத்தேர்தல் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் ஒரு எம்.எல்.ஏ. இறந்தோ ராஜினாமா செய்தோ காலியான தொகுதிக்கு நடப்பது இடைத்தேர்தல். இடைக்காலத் தேர்தல் என்று மாற்றினாலும் சரிவராது, 1971-லும் 1980-லும் நடந்தது போல, மக்களவை பாதியில் கலைந்ததால் முன்கூட்டியே வரும் பொதுத்தேர்தல் அது. பிலிப்பைன்ஸில் எதுவும் கலையவில்லை, யாரும் சாகவில்லை. அதிபருக்கு ஆறு வருடப் பதவி, ஒரே ஒரு முறைதான். அந்த ஆறு வருடத்தின் நட்டநடுவில், காலண்டரில் குறித்து வைத்தபடி, நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் வரும். நடுத்தவணைத் தேர்தல் என்று வைத்துக்கொள்கிறேன், உங்களுக்கு இதைவிட நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்றைக்குக் கீழவை முழுவதற்கும் தேர்தல். மேலவையான செனட்டின் 24 இடங்களில் பாதிக்கு, அதாவது 12 இடங்களுக்குத் தேர்தல். அதோடு மாகாண ஆளுநர், மேயர், நகர மன்ற உறுப்பினர் வரை எல்லாம் ஒரே சீட்டில். மொத்தம் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள். உங்கள் கேள்வி செனட்டைப் பற்றியது, அங்கேயே நிற்போம்.

செனட்டுக்குத் தொகுதி கிடையாது. நாடு முழுக்க ஒரே தொகுதி. வாக்குச்சீட்டில் 60-க்கும் மேற்பட்ட பெயர்கள் அகரவரிசையில் அச்சாகியிருக்கும். ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் ஒரு சின்ன முட்டை வட்டம். பேனாவால் 12 வட்டங்கள் வரை நிரப்பலாம். எட்டோடு நிறுத்தினாலும் செல்லும். 13 நிரப்பினால் செனட்டுக்கான அத்தனை ஓட்டும் செல்லாது. ஒருவருக்கே இரண்டு ஓட்டுப் போட முடியாது, வரிசைப்படுத்தவும் வழியில்லை. நாடு முழுக்க எண்ணி, அதிகம் வாங்கிய முதல் 12 பேர் செனட்டர்கள். அவ்வளவுதான் விதி.

இப்போது உங்கள் தோழியை நினைத்துப் பாருங்கள். நம்மிடம் இருப்பது ஒரே ஓட்டு. அதை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை என்றாகிவிடும். அதனால்தான் நம் மனதில் ஓட்டு என்றாலே பக்கம் எடுப்பது. அவரிடம் இருப்பது 12. போங் கோவுக்குப் போட்ட வட்டம் பாம் அக்கினோவிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. போங் கோ, டுடெர்டேயிடம் நீண்ட நாள் உதவியாளராக இருந்து, செனட்டரானபின் அரசு மருத்துவமனைகளில் ஏழைகளுக்குச் சிகிச்சை உதவி கிடைக்கும் மையங்களை வைத்தே பெயர் எடுத்தவர். பாம் அக்கினோ, அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணத்தை ரத்து செய்த சட்டத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டவர். மருத்துவச் செலவுக்கு ஒரு வட்டம், படிப்புச் செலவுக்கு ஒரு வட்டம். வீட்டுக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதில் என்ன முரண்பாடு?

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 5.7 கோடிப் பேர். முதலிடம் பிடித்த போங் கோ வாங்கியது ஏறத்தாழ 2.7 கோடி. நாட்டிலேயே முதலாவதாக வந்தவரைக்கூட வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தொடவில்லை, அதுவும் கையில் 12 ஓட்டு இருக்கும்போது! பன்னிரண்டாவதாக வந்தவர் அதிபரின் அக்கா இமீ மார்கோஸ். அவருக்கு 1.33 கோடி, நான்கில் ஒருவருக்கும் குறைவு. மீதி மூன்று பேர் அவரை வெறுத்திருந்தாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் வெறுப்பைக் குறிக்க அந்தச் சீட்டில் இடமில்லை.

நான் இந்தத் தேர்தலைப் புரிந்துகொள்ள உதவியது ஒரு துண்டுக் காகிதம். கோடிகோ என்பார்கள். பரீட்சை பிட்டுக்கும் அங்கே அதே சொல்தான். வீட்டிலேயே பெயர்களை எழுதி மடித்து எடுத்துப் போய், வாக்குச்சாவடியில் பார்த்து வட்டம் நிரப்புவார்கள். பிட் அடிப்பது சட்டப்படி செல்லும் ஒரே பரீட்சை இதுவாகத்தான் இருக்கும். 2010-ல் இயந்திர எண்ணிக்கை வரும் வரை சீட்டில் பெயர்களே அச்சாகி இருக்காது, வெறும் கோடுகள் மட்டும். வாக்காளர்தான் பெயர்களைக் கையால் எழுத வேண்டும். தலைமுறை தலைமுறையாக இப்படி எழுதிப் பழகிய நாட்டில் அரசியல்வாதிக்கு முதல் தேவை கொள்கையா, எளிதில் நினைவுக்கு வரும் பெயரா?

அந்தக் காகிதத்தை நிரப்பும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். முதல் நான்கைந்து பெயர்கள் தானாக வரும், அவைதான் அந்த வாக்காளரின் அரசியல். அப்புறம் பேனா நிற்கும். இன்னும் ஏழு கோடுகள் காலியாக இருக்கின்றன. விட்டுவிட மனசு வராது. டிவியில் பார்த்த முகம், அப்பா பெயர், அண்ணன் பெயர் என்று வரும். லிட்டோ லாபிட் சண்டைப்பட நடிகர், இந்த முறை பதினொன்றாம் இடம். டிட்டோ சோட்டோ பல பத்தாண்டுகளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வீடு ஓடும் நிகழ்ச்சியின் தொகுப்பாளர், எட்டாம் இடம். ஆனால் முகம் தெரிந்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. குத்துச்சண்டை வீரர் மானி பாக்கியாவ் இதே தேர்தலில் தோற்றார். பரிசு அள்ளிக் கொடுத்தே புகழ்பெற்ற டிவி தொகுப்பாளர் வில்லி ரெவில்லாமேயும் தோற்றார்.

குடும்பப் பெயர்தான் எல்லாவற்றையும்விடக் கெட்டியான பிடி. 2025-ல் அமைந்த செனட்டில் 24 பேர். அதில் உடன்பிறந்த ஜோடிகள் மட்டும் நான்கு. பியா, ஆலன் பீட்டர் கயெட்டானோ, அக்காவும் தம்பியும். மார்க், கமீல் வில்லார், அண்ணனும் தங்கையும். அவர்களுடைய அம்மா சிந்தியா வில்லாரின் செனட் பதவிக்காலம் அதே வருடம்தான் முடிந்தது. முன்னாள் அதிபர் எஸ்ட்ராடாவின் இரண்டு மகன்கள், வெவ்வேறு தாய்மார்களுக்குப் பிறந்தவர்கள். கடைசியாக, ஒலிபரப்பில் பஞ்சாயத்து பேசியே புகழ்பெற்ற ராஃபி, எர்வின் டுல்ஃபோ சகோதரர்கள். மூன்றாவது சகோதரர் பென் டுல்ஃபோவும் நின்றார், பதின்மூன்றாம் இடம் பிடித்து ஒரே ஒரு படியில் கோட்டைவிட்டார். அவரும் வந்திருந்தால் எட்டில் ஒரு பங்கு செனட் ஒரே வீட்டிலிருந்து! 1987 அரசியல் சாசனத்தில் அரசியல் குடும்ப ஆதிக்கத்தைத் தடை செய்ய வேண்டும் என்று எழுதியே இருக்கிறது, 'சட்டம் வரையறுத்தபடி' என்ற ஒரு சொற்றொடரோடு. அந்தச் சட்டத்தை இயற்ற வேண்டியவர்கள் இந்த அவைகளில் இருப்பவர்கள்தான். 2025 தேர்தல் வரை இயற்றவில்லை.

நாடு முழுக்க ஒரே தொகுதி என்பது வாரிசுகளுக்கு எவ்வளவு வசதி என்பதையும் பாருங்கள். வடக்கே லூசோன் மலைகளிலிருந்து தெற்கே மலேசியக் கடலோரத் தீவுகள் வரை ஒரு புது ஆள் தன் பெயரைக் கொண்டுசேர்க்க என்ன செலவாகும்! கட்சி வேட்பாளர் ஒரு வாக்காளருக்கு 3 பெசோ வரை செலவழிக்கலாம் என்கிறது சட்டம். ஆறரைக் கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்களைப் பெருக்கினால் சட்டப்படியான கணக்கே 20 கோடி பெசோவைத் தாண்டும். குடும்பப் பெயர் உள்ளவருக்கு அந்தச் செலவில் பாதியைத் தாத்தாவே செய்துவைத்துவிட்டுப் போயிருப்பார்.

இதெல்லாம் நமக்கு அந்நியமானது என்று நினைக்க வேண்டாம். 1952, 1957 தேர்தல்களில் நம்மிடமும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. வாக்காளருக்கு இரண்டு ஓட்டு, இரண்டையும் ஒருவருக்கே போடக் கூடாது. ஒரு இடம் பொது, மற்றது தாழ்த்தப்பட்டவருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்டது. 1957-ல் ஆந்திராவின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதியில் நின்ற வி.வி. கிரி தோற்றார். பழங்குடி வேட்பாளர்கள் இரண்டு பேர் அவரைவிட அதிக ஓட்டு வாங்க, ஒதுக்கீட்டு இடம் மட்டுமல்லாமல் பொது இடமும் பழங்குடியினருக்கே போனது. கிரி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1959-ல் தீர்ப்பு அவருக்கு எதிராகத்தான் வந்தது. 1961-ல் இரட்டைத் தொகுதி முறையையே ஒழித்துவிட்டார்கள். கிரி பிற்பாடு குடியரசுத் தலைவர் ஆனார் என்பது வேறு கதை.

இந்த முறைக்கு இன்னொரு குணம் உண்டு, அதுதான் பத்திரிகைகளைக் குழப்புகிறது. நூறு பேர் உள்ள ஊரில் 40 பேர் ஒரே அணியின் 12 பெயர்களையும் கட்டுப்பாடாக எழுதி, மீதி 60 பேர் சிதறினால், 12 இடமும் அந்த 40 பேருக்கே. அப்படியும் நடந்திருக்கிறது. 1951-ல் அதிபர் கிரினோவின் லிபரல் கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. 2019-ல் டுடெர்டே அதிபராக இருந்தபோது, எதிர்த்து நின்ற 'ஒச்சோ திரேச்சோ' அணியின் எட்டுப் பேரும் தோற்றார்கள், பாம் அக்கினோ உட்பட. அதே பாம், அதே விதி, ஆறு வருடம் கழித்து இரண்டாமிடம். மக்கள் தலைகீழாக மாறிவிடவில்லை. எந்தெந்தப் பெயர்கள் ஒரே காகிதத்தில் சேர்ந்து எழுதப்பட்டன என்பது மாறியது.

சரி, மார்கோஸ் ஜெயித்தாரா? அவர் அணியில் நின்றவர்களில் ஆறு பேர் வந்தார்கள். ஆனால் அந்த ஆறில் ஒருவரான கமீல் வில்லார், மார்கோஸுக்கு எதிரணியில் நின்ற துணை அதிபர், டுடெர்டேயின் மகள் சாராவின் ஆதரவையும் வாங்கியவர். அப்படியானால் அவர் யார் கணக்கு? சொந்த அக்கா இமீ, முன்னாள் அதிபர் டுடெர்டேயை 2025 மார்ச்சில் கைது செய்து, சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகருக்கு விமானம் ஏற்றியதும் தம்பியின் அணியை விட்டு விலகி, சாராவின் ஆதரவோடு கடைசி இடத்தில் கரையேறினார். டுடெர்டேயோ சிறையில் இருந்தபடியே டாவாவ் மேயராக ஜெயித்தார், அது தனிக் கூத்து.

எல்லோரும் எண்ணிக்கை பார்த்தது வேறு காரணத்துக்காக. பிப்ரவரியிலேயே கீழவை சாராவின் மீது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்துவிட்டது. விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது செனட். நீக்க 16 ஓட்டு வேண்டும், 9 பேர் கைவிரித்தால் தப்பித்துவிடுவார். ஆக சாரா பக்கத்துக்கு முதலிடம் தேவையே இல்லை, ஒன்பது தலை போதும். பிறகு ஜூலையில் அந்தத் தீர்மானமே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, ஆகஸ்டில் செனட் அதைக் கட்டி மூலையில் வைத்துவிட்டது. அதற்குக் கைதூக்கியவர்கள் 19 பேர். மே மாதம் அணி பிரித்து அட்டவணை போட்ட பத்திரிகைகள் அந்த 19-ஐ எந்தக் கட்டத்தில் அடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

நீங்கள் கேட்காத ஒன்று, சுருக்கமாக. கீழவையில் 254 இடங்கள் நம்மைப் போலத் தொகுதிவாரி, மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கட்சிப் பட்டியலுக்கு, அதாவது ஆளுக்கு இல்லாமல் கட்சிக்கே ஓட்டு. அதற்குத் தனியாக ஒரே ஒரு ஓட்டு. இரண்டு சதவீதம் வாங்கினால் ஓர் இடம் நிச்சயம், எவ்வளவு வாங்கினாலும் மூன்றுக்கு மேல் கிடையாது. அக்பயான் கட்சி 27 லட்சத்துக்கு மேல் வாங்கி முதலாவதாக வந்தது, கிடைத்தது மூன்றுதான். மீதி இடங்கள் இரண்டு சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு இறங்கிப் போகும், 2009-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு அது. எளியவர்களின் குரலுக்காக வந்த ஏற்பாடு. ஆனால் பட்டியலில் முதலில் வருவதற்காக 'ஏ' எழுத்திலும் '1' எண்ணிலும் பெயர் வைத்துக்கொண்டு ஒரு கூட்டமே கிளம்பியது. பிறகு தேர்தல் ஆணையம் குலுக்கல் போட்டு வரிசையை முடிவு செய்ய ஆரம்பித்தது. 'ஃபோர் பீஸ்' என்று ஒரு கட்சி இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுக்கும் திட்டத்தின் சுருக்கப் பெயரும் அதுவே. நம் ஊரில் ஒருவர் 'ரேஷன் கடை' என்று கட்சி ஆரம்பித்தால் எப்படி இருக்கும்!

தோழியிடம் அடுத்த முறை பேசும்போது முதல் இரண்டு பெயர்களை விட்டுவிடுங்கள். அந்தத் துண்டுக் காகிதத்தில் பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் யார், ஏன் எழுதினார் என்று கேளுங்கள். கொஞ்சம் சிரிப்பார் என்று நினைக்கிறேன். பதிலை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.