திண்ணை வெயிலும் கணக்கு நோட்டும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 43. முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்து, இப்போது திருச்சியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பது வயதில் வலது மணிக்கட்டில் முதல் வெண்புள்ளி தோன்றியது. பன்னிரண்டு வயதுக்குள் கைகளிலும் கழுத்திலும் பரவிவிட்டது. பாட்டி கார்போக அரிசியை ஊறவைத்து அரைத்துப் பூசி, கிழக்கு பார்த்த திண்ணையில் வெயில் ஏறும்வரை உட்காரவைப்பார். கொப்புளம் கிளம்பி நீர் வடியும். அம்மா எனக்கு முழுக்கைச் சட்டை மட்டுமே தைத்துத் தந்தார். உறவுக்காரர்கள் வந்தால் என்னை உள்ளே போகச் சொல்லிவிடுவார். அக்காவின் திருமணத்துக்கு என்னை மண்டபத்துக்கு அழைத்துப் போகவில்லை. கேட்டவர்களிடம் எனக்குப் பரீட்சை என்று சொன்னார்களாம். அது மே மாதம்.

இவற்றையெல்லாம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அக்கா தன் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை எழுதவே கூடாது என்று அழுகிறார். இதற்கிடையில், பரணிலிருந்த பெட்டியில் அப்பாவின் தாத்தாவுடைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. அவர் கண்டியில் வியாபாரம் செய்தவர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஊரில் எங்கள் வீட்டுக்கே 'கண்டி வீடு' என்று பெயர். நோட்டைப் புரட்டினால், தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டுபோன கங்காணி அவர் என்று தெரிகிறது. பெயர், சாதி, ஊர், கொடுத்த ரூபாய் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. சில பெயர்களின் மேல் கோடு இழுத்து, 'தவறிப்போனது, பாக்கி தம்பி பேரில்' என்று எழுதியிருக்கிறது. குடும்ப மானத்தை விற்கப் போகிறாயா என்று கேட்கிறார் சித்தப்பா. நோட்டைத் திருப்பித் தரச் சொல்கிறார்.

நேர்மையாக எழுதுவது என்றால் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டுமா? அம்மாவை நான் எப்படி எழுதுவது?

ம. (பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். ஒரே கேள்வியாக நீங்கள் கேட்டிருப்பதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. உங்கள் தோலைப் பற்றியும் அந்தக் கங்காணியைப் பற்றியும் வாய் திறக்காமல் இருந்தது ஒரே வீடுதான் என்றாலும், முதலாவதற்குக் காரணம் பெண்பிள்ளைகளின் கல்யாணம் நின்றுபோகுமோ என்ற பயம்; இரண்டாவதற்குக் காரணம் வசதியாக வாழ்ந்த ஒருவருடைய பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்ற எண்ணம். இரண்டையும் ஒன்றாகக் கட்டி, எழுதுவதா வேண்டாமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. அவற்றைப் பிரித்தே பேசுகிறேன். அதற்கு முன், என் புத்தகத்தில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

எனக்கு இரண்டு வயதில், 1964இல், இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. எங்கள் ஊருக்குச் சொட்டு மருந்து வந்திராத காலம். காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போனார்கள், கம்பவுண்டர் இடுப்பில் ஊசி போட்டார், மறுநாள் விடிந்தபோது கால் தொங்கிவிட்டது என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை. என் வயதையொத்த, என்னைப் போல் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கியைக் காலில் மாட்டி நடந்த பலருடைய வீடுகளிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். தன்வரலாற்றின் முதல் பதிப்பில், அந்த ஊசிதான் என் காலைப் பறித்தது என்று நான் எழுதினேன். கம்பவுண்டரின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் எங்கள் ஊருக்கு ஒரே கம்பவுண்டர்தான். புத்தகம் வந்த சில மாதங்களில் அவருடைய மகன் என்னைத் தேடி வந்தார். சண்டை போட வரவில்லை. "கடைசிவரைக்கும் அப்பா உங்களைப் பத்தி விசாரிச்சுக்கிட்டேதான் இருந்தாருக்கா" என்றார். கொடுத்த காப்பி ஆறி ஆடை படிந்து கிடக்க, எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகுதான் மருத்துவர்களிடம் கேட்டேன். எழுதுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். போலியோ வைரஸ் உடலுக்குள் புகுந்துவிட்ட நாட்களில் தசையில் ஊசி போட்டால், காயப்பட்ட அந்தத் தசையின் நரம்பு வழியாக வைரஸ் தண்டுவடத்துக்கு எளிதாக ஏறிவிடக்கூடும் என்பதும், ஊசி போட்ட பக்கத்துக் காலோ கையோ செயலிழந்ததை 1950ஆம் ஆண்டிலேயே பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன. ஆக, எங்கள் வீட்டுக் கதை முழுப் பொய்யும் அல்ல. ஆனால் நோயை ஊசி கொண்டுவரவில்லை. வந்திருந்த நோய்க்கு அது வழிவிட்டிருக்கலாம், அவ்வளவுதான். காய்ச்சலோடு வந்த எல்லாக் குழந்தைகளுக்கும் போட்ட ஊசியைத்தான் அவர் எனக்கும் போட்டார். இரண்டாம் பதிப்பில் வீட்டுக் கதையை அம்மா சொன்ன சொற்களிலேயே வைத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் தெரியவந்ததையும் அந்த மகன் வந்து போனதையும் சேர்த்தேன். என் கோபத்தை நீக்கவில்லை, அதுவும் நடந்ததுதான்.

உங்கள் பாட்டியின் திண்ணைக்கு வருகிறேன். கார்போக அரிசி அரிசி அல்ல. ஒரு செடியின் விதை. தோலை ஒளிக்குக் கூசச் செய்யும் சொராலன் வகைப் பொருள்கள் அதில் இருக்கின்றன. பூசிக்கொண்டு வெயிலில் இருந்தால் புற ஊதாக் கதிர் அந்த இடத்தில் கூடுதலாக வேலை செய்து, சிலருக்கு நிறத்தை மீட்கிறது. அளவு மீறினால் சுட்டுப் புண்ணாக்குகிறது. மருத்துவமனைத் தோல் பிரிவுகளில் சொராலன் கொடுத்து, கதிரின் அளவைக் கணக்கிட்டு விளக்கொளி காட்டும் சிகிச்சைக்கும் இதுதான் அடிப்படை. ஆகவே பாட்டி செய்தது கொடுமையும் அல்ல, மூடநம்பிக்கையும் அல்ல. அவரிடம் மருந்து இருந்தது, அளவு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை எழுதினால், சுட்ட கையும் சுட்டவருடைய அன்பும் ஒரே பக்கத்தில் வந்துவிடும். கொப்புளத்தைக் குறைத்து எழுதிவிடாதீர்கள். எத்தனை மணிக்கு வெயில் திண்ணைக்கு வந்தது, எந்தப் படி வரைக்கும் வந்தால் எழுந்திருக்கலாம், அரைத்த விழுது காயும்போது எப்படி இழுத்தது, தெருவில் போனவர்கள் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் உங்கள் உடம்புக்குத்தான் தெரியும்.

உடலை எழுதும்போது அதை வேறொன்றுக்கு உவமையாக்கும் ஆசை வரும். வெண்புள்ளியை நிலவு என்றும் வரைபடம் என்றும் எழுதத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். மெலனோசைட் என்ற நிறமிச் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அழிக்கும்போது அந்த இடம் வெளுக்கிறது. அது யாருக்கும் தொற்றாது. இந்த எளிய விளக்கத்தை அந்தச் சிறுமிக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதை எழுதினாலே படிப்பவர்களுக்குப் புரியும்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் அந்த நாளில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் 'வெண்குஷ்டம்' என்றுதான் சொல்லியிருப்பார், அல்லது அந்தச் சொல்லுக்குப் பயந்து எதுவுமே சொல்லாமல் இருந்திருப்பார். தொழுநோய்க்கும் வெண்புள்ளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பெயரில் ஒட்டிக்கொண்ட குஷ்டம் ஆயிரம் குடும்பங்களை ஒளிய வைத்தது. அதனால்தான் வெண்புள்ளிகள் என்றே வழங்க வேண்டுமென்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. தொழுநோயை மணவிலக்குக்கு ஒரு காரணமாக இந்துத் திருமணச் சட்டம் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வரைக்கும் வைத்திருந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். மூத்த மகளை மணமேடையில் உட்காரவைத்த ஒரு தாய்க்கு அந்தச் சொல் என்னவாகக் கேட்டிருக்கும்? உங்கள் குரலில் எழுதும் இடங்களில் வெண்புள்ளி என்று எழுதுங்கள். அம்மா பேசும் இடங்களில் அவர் சொன்ன சொல்லையே வையுங்கள், திருத்தாதீர்கள்.

அதற்காக அம்மாவை மன்னித்து எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் கல்யாணத்துக்குப் போன நாளை மன்னிப்பால் பூசி மெழுக முடியாது. உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது, மே மாதத்தில் பரீட்சை என்ற அந்தப் பதில்தான். பள்ளிக்கூடம் மூடியிருக்கும் மாதத்தில் பரீட்சை என்று சொன்னதை மண்டபத்தில் ஒருவர்கூட மறுத்துக் கேட்கவில்லை என்றால், அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது என்றுதான் பொருள். யாரிடமிருந்து உங்களை ஒளித்தார்களோ, அவர்களும் சேர்ந்தே ஒளித்திருக்கிறார்கள். அம்மா ஒருவர் தலையில் அந்த நாளை ஏற்றாமல், மண்டபம் முழுவதையும் எழுதுங்கள்.

அக்கா அழுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உங்கள் உடல் உங்களுடையது. அதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அக்காவின் புகுந்த வீடும் அவருடைய மகளின் வரன் பேச்சும் அவர்களுடையவை. காந்தி தன் தந்தை இறந்த இரவில் தான் மனைவியுடன் இருந்ததை எழுதினார். அந்தத் துணிச்சலை இன்றும் வியக்கிறோம். அவருடைய தன்வரலாறு பத்திரிகையில் தொடராக வந்த 1925 முதல் 1929 வரையான ஆண்டுகளில் கஸ்தூர்பா உயிரோடு இருந்தார். அந்த இரவில் கருவுற்றிருந்த பெண் அவர். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. காந்தி பழியைத் தன்மேல்தான் போட்டுக்கொள்கிறார் என்றாலும், கஸ்தூர்பாவின் இரவு அந்தப் பக்கங்களில் இல்லை. தன்னைத் திறந்துகாட்டும்போது பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறார் என்பதால், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள், அச்சுக்குக் கொடுப்பதை ஓராண்டு தள்ளிப்போடலாம். அக்கா வரும் பக்கங்களை அவருக்கே படித்துக் காட்டுங்கள். அவருடைய விஷயமாக உள்ளதை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். உங்கள் கையையும் கழுத்தையும் எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள்.

நோட்டு விஷயத்தில் இந்தத் தயக்கம் எதுவும் எனக்கு இல்லை. ஆள் சேர்க்கக் கங்காணிக்குத் தோட்டத்திலிருந்து முன்பணம் வரும். வழிச்செலவு, சோறு, துணி என்று அதிலிருந்து செலவழித்ததெல்லாம் கூலிகளின் பேரில் கடனாக ஏறும். ராமேஸ்வரத்துக்கு அருகில் மண்டபம் என்ற ஊரில் இருந்த முகாமில் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டு, கடல் தாண்டி, மலையேறி, லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேரும்போதே அவர்கள் கடனாளிகள். ஓர் ஆள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கடன் தொகையை எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் அந்த ஆள் நகர முடியும். 1921இல்தான் இந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். போனவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். உங்கள் நோட்டில் பெயருக்குப் பின்னால் சாதியை எழுதியிருப்பது இதனால்தான். 'தவறிப்போனது, பாக்கி தம்பி பேரில்' என்ற வரியை நீங்கள் விளக்கக்கூட வேண்டாம். அப்படியே அச்சிடுங்கள்.

கண்டி வீட்டின் தேக்குத் தூண்கள் அந்தப் பாக்கியிலிருந்து வந்தவை என்று எழுதுவது சித்தப்பாவுக்கு வலிக்கும். ஆனால் அந்த எழுத்தால் இன்று அவருடைய வாழ்க்கையில் எதுவும் குறையப்போவதில்லை. கோடு இழுக்கப்பட்டவர்களுக்கோ இந்த நோட்டைத் தவிர வேறு எழுத்தே இல்லாமல் இருக்கலாம். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இப்படித் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அப்படித் திரும்பியவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைக் காட்டிலேயே வேலைக்கு அமர்ந்தார்கள். நோட்டில் உள்ளவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கலாம்; உங்கள் ஊர்க் காலனியிலேயே அவர்களுடைய பங்காளிகள் இருக்கலாம். அந்தப் பெயர்களை அச்சிடுவதற்கு முன் அவர்களைத் தேடிப் போய்ப் பாருங்கள். இன்றைக்கு அவர்களைச் சங்கடப்படுத்தக்கூடியது எது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். சாதியை அச்சிடலாமா, ஊரை அச்சிடலாமா என்று கேளுங்கள். கங்காணியின் பெயரை மட்டும் யாரிடமும் கேட்காமல் முழுதாக எழுதுங்கள்.

சித்தப்பாவிடம் சண்டை போட வேண்டாம். கேட்டால் நோட்டைக் கொடுத்துவிடுங்கள்; அதற்கு முன், அட்டை உள்பட எல்லாப் பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இரண்டு இடங்களில் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்.