சாவியை எடுத்தது அக்கா மகன், நோட்டீஸ் வந்தது எனக்கு

கேள்வி: கல்யாண வீட்டுக் களைப்பில் நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் இருந்த சாவியை எடுத்து அக்கா மகன் என் காரை ஓட்டிப் போயிருக்கிறான். அழகியமண்டபம் பக்கம் சைக்கிளில் வந்தவரை இடித்து, அவருக்குக் கால் முறிந்துவிட்டது. பையனுக்கு லைசென்ஸ் உண்டு. நான் கொடுக்காத காருக்கு நஷ்டஈட்டு நோட்டீஸ் என் பேரில் வந்திருக்கிறது. இது என்ன நியாயம்? (தக்கலை)

பதில்: ஆர்.சி. உங்கள் பேரில் இருப்பதால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். அதற்காகப் பணமும் உங்கள் கையிலிருந்து போக வேண்டும் என்றில்லை. விபத்து நடந்த அன்று பாலிசி நடப்பில் இருந்தால், சைக்கிள்காரருக்குக் கொடுக்க வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி. கம்பெனி என்னென்ன காரணம் சொல்லி விலகப் பார்க்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 150-வது பிரிவில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது இதெல்லாம் அதில் வரும். உரிமையாளரைக் கேட்காமல் எடுத்தது வராது. திருடன் ஓட்டிப் போய் இடித்தாலும் கம்பெனி கைவிரிக்க முடியாது என்று 2003-லேயே லெஹ்ரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நோட்டீஸ், பாலிசி, ஆர்.சி., பையனின் லைசென்ஸ் ஆகியவற்றின் நகல்களை இன்றைக்கே கம்பெனியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அந்த சைக்கிள்காரர்மேல் கோபம் வேண்டாம். ஆறு மாதத்துக்குள் அவர் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கால் முறிந்த மனிதர் வேறு யாரிடம் கேட்பார்?

கேள்வி: நான் ஊரில் இல்லாதபோது கொழுந்தன் என் காரை எடுத்துப் போய் மின்கம்பத்தில் இடித்துவிட்டார். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, அவருக்கு லைசென்ஸும் இருக்கிறது. பாலிசியில் பெயர் உள்ளவர் ஓட்டவில்லை என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். (மார்த்தாண்டம்)

பதில்: அநியாயம் அம்மா. உங்கள் பாலிசியில் டிரைவர் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் சரி என்றுதான் வழக்கமாக அச்சிட்டிருக்கும். அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் ஒரு வருடத்துக்குள் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அங்கே இரண்டு வருட அவகாசம். விடாதீர்கள்.

கேள்வி: சித்தப்பா மகன் கேட்காமல் எடுத்து மரத்தில் இடித்துவிட்டான். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான் இருக்கிறது. என் கார் ரிப்பேருக்குப் பணம் கிடைக்குமா? (குளச்சல்)

பதில்: கிடைக்காது. அந்தப் பாலிசி அடுத்தவர் நஷ்டத்துக்கு மட்டும்தான். சித்தப்பா மகனிடம் கேளுங்கள்.

கேள்வி: பதினேழு வயது மகன் காரை எடுத்து, பைக்கில் வந்தவரை இடித்துவிட்டான். சாவி எப்போதும் ஃபிரிட்ஜ் மேல்தான் கிடக்கும். "நீங்களே ஓட்டினதா எழுதிக் குடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா? (கருங்கல்)

பதில்: செய்யவே கூடாது. ஆளை மாற்றி எழுதச் சொல்லும் இந்த யோசனை ஏஜென்ட், ஒர்க்‌ஷாப்காரர் என்று எல்லார் வாயிலும் வருகிறது. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. சொல்கிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, கையெழுத்துப் போடுவது நீங்கள். ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரிக்கு அடிபட்டவரைக் கொண்டுபோனதுமே டாக்டர் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்த வண்டி இடித்தது, கூட வந்தது யார். நினைவோடு இருந்தால், ஒரு சின்னப் பையன் ஓட்டி வந்தான் என்று அடிபட்டவரே சொல்லியிருப்பார். அப்புறம் எஃப்.ஐ.ஆர்., அப்புறம் தெருக்கடைகளில் விசாரித்து கேமராப் பதிவு கேட்கும் கம்பெனி ஆள். காகிதத்துக்குக் காகிதம் பேச்சு மாறினால் உங்கள் கிளெய்ம் போகும், பொய் சொன்ன வழக்கும் உங்கள்மேல் வரும். இதையெல்லாம்விட, ஓட்டியது யார் என்ற சண்டையிலேயே அடிபட்டவரின் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும். அவர் என்ன பாவம் செய்தார்?

உண்மையைச் சொன்னால், பையனுக்கு லைசென்ஸ் இல்லாவிட்டாலும் கம்பெனி முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட் உத்தரவு போட வாய்ப்பு உண்டு. உரிமையாளர் தக்க கவனத்தோடு இருந்தும் பாலிசி நிபந்தனை மீறல் நடந்தது என்றால் அந்த வசூலிலிருந்து தப்பலாம். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் இது தெளிவாகியிருக்கிறது. சாவியைப் பூட்டி வைத்திருந்தேன் என்று சொல்ல உங்களால் முடியாதே! மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவில் உங்களுக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பையன் உள்ள வீட்டில் சாவியை ஃபிரிட்ஜ் மேல் போட்டுவிட்டு என்னிடம் ஆறுதல் கேட்காதீர்கள். நல்ல வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன் புரோக்கர் மூலம் விற்ற கார். வாங்கியவரின் மச்சான் அவரிடம் கேட்காமல் எடுத்துப் போய் நெய்யாற்றின்கரையில் ஒருவரை இடித்துவிட்டார். ஆர்.சி. மாற்றவில்லையாம். கோர்ட் நோட்டீஸ் எனக்கு! (களியக்காவிளை)

பதில்: உங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து நாளில் அந்தக் காருக்குப் பாலிசி இருந்ததா என்று முதலில் கண்டுபிடியுங்கள். இருந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். விற்ற ரசீது, பணம் வந்த பேங்க் கணக்கு எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்து, வாங்கியவரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் புரோக்கர்களை எனக்கும் தெரியும். நான் வாங்கிய ஒரு பழைய காருக்கு, "பாலிசி ரன்னிங்ல இருக்கு சார்" என்று முந்தின உரிமையாளர் பெயரில் உள்ள தாளைக் கையில் திணித்தார்கள். 14 நாளுக்குள் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தோவாளையில் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்து டிக்கி நசுங்கியபோது, பாலிசி உங்கள் பெயரில் இல்லை என்று கம்பெனி மறுத்துவிட்டது. கார் கைமாறினால் தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு தானாக மாறிவிடும், நம் காரின் சேதத்துக்கான பாதுகாப்பு மாறாது.

வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் ஃபார்ம் 29-ல் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடமே விட்டிருப்பீர்கள். விற்ற விவரத்தை இப்போதாவது நேரில் போய் மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் கொடுத்து, பெயர் மாற்றத்துக்கு வழி கேளுங்கள். அந்தக் கார் இன்னும் உங்கள் பேரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.