புதுக் கடுவன் வந்தது, கொட்டிலே இருமுகிறது

கேள்வி: சிப்பிப்பாறை நாய்கள் நான்கு வளர்க்கிறேன். போன வாரம் தரகர் மூலம் ஒரு கடுவன் வாங்கிக் கொட்டிலில் சேர்த்தேன். ஐந்தாம் நாளிலிருந்து எல்லாமே தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் இருமி, வெள்ளை நுரை கக்குகின்றன. தீனி நன்றாகத் தின்கின்றன. ஒரு பெட்டை சினை. மெடிக்கல் ஷாப் மாத்திரைக்கு நிற்கவில்லை. என்ன ஊசி போடலாம்?
(சாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஐந்து நாய்க்கும் ஒரே வாரத்தில் எலும்பு சிக்காது, தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது கென்னல் காஃப், அதாவது நாய்க்கு நாய் தொற்றும் இருமல் நோய். போர்டெட்டெல்லா என்கிற பாக்டீரியா, பாராஇன்ஃப்ளூயன்சா, அடினோ போன்ற வைரஸ்கள் தனியாகவோ சேர்ந்தோ இதை உண்டாக்கும். தீனி எடுத்து, காய்ச்சல் இல்லாமல் இருக்கும் வளர்ந்த நாய்க்குப் பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது. ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் அடங்கிவிடும். அதுவரை ஓட்டம் வேண்டாம், கொட்டிலில் புகையும் தூசியும் வேண்டாம். கழுத்துச் சங்கிலியை அவிழ்த்து மார்புப் பட்டைக்கு மாற்றுங்கள். சங்கிலி மூச்சுக்குழலை அழுத்தும்போதெல்லாம் இருமல் கிளம்பும்.

சினைப் பெட்டையை மட்டும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் கொடுத்த மாத்திரையின் அட்டையையும் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குச் சளி இறங்கினால் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாட்டிக் கொடுப்பதுண்டு, ஆனால் சினையில் அது குட்டிகளின் எலும்பையும் பல்லையும் பாதிக்கும். மெடிக்கல் ஷாப் கவுன்டரில் நிற்பவருக்கு உங்கள் பெட்டை சினை என்று தெரியுமா? மனிதருக்கான ஐபுபுரோஃபன் வலி மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சைலிட்டால் என்கிற இனிப்பூட்டி கலந்த இருமல் டானிக் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கி உயிரையே வாங்கும்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. வாங்கிவந்த நாளே அந்தக் கடுவனை ஏன் மற்றவற்றோடு விட்டீர்கள்? இந்த நோய் வெளியே தெரிய இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். சந்தையிலோ தரகர் வீட்டிலோ பார்க்கும்போது நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். எந்த நாய் வந்தாலும், உங்கள் சொந்த அண்ணன் வீட்டிலிருந்தே வந்தாலும், பதினான்கு நாள் தனி இடம். கொட்டிலுக்குள் தடுப்புக் கட்டி அந்தப் பக்கம் விடுவது தனிமை ஆகாது. இருமலில் தெறிக்கும் துளி காற்றில் வரும். தோட்டத்து மோட்டார் ரூம் போதும். தனித் தட்டு, தனித் தண்ணீர்ச் சட்டி வையுங்கள். பழைய நாய்களுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே அங்கே போங்கள், திரும்பிவந்து கைகால் கழுவுங்கள். காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் ஊசிக்கும் டானிக்குக்கும் அள்ளிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தரகர் தந்த தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவர் கையெழுத்து மூன்றும் இல்லையென்றால் அது வெறும் காகிதம். அப்படி விற்பவரிடம் இன்னொரு நாய் வாங்காதீர்கள். அட்டை பொய்யென்றால் டிஸ்டெம்பர் என்கிற கொடிய வைரஸ் நோயின் பயமும் உண்டு. கண்ணிலும் மூக்கிலும் சீழ்போல் வடிந்தாலோ, தீனி மறுத்தாலோ, பேதியானாலோ, வலிப்பு வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இருமல் நின்ற பிறகும் கிருமி சில வாரம் வெளியே வந்துகொண்டிருக்கும். அதனால் புதுக் கடுவனை இணைசேர்க்கக் கேட்டு யார் வந்தாலும் இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள், காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். மூக்கில் விடும் போர்டெட்டெல்லா தடுப்பு மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்; அது இப்போதைய இருமலைத் தீர்க்காது, எல்லாம் தேறிய பிறகு போடுவதற்கு.