கோதுமை ஆகாத பிள்ளையோடு வெளிநாட்டுப் பயணம்: கேள்வி பதில்

விடுமுறை நெருங்கும்போது எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "வீட்டில் ஒருவருக்கு சீலியாக். எல்லோருமாக வெளிநாடு போகிறோம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கிக்கொள்ளும் நோய் இது. மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் பத்தியம்தான் வைத்தியம். நான் உணவு ஆலோசகர். என் மகனுக்கும் சீலியாக் என்பதால் இது எனக்கு வீட்டுப் பாடமும்கூட. வந்ததில் சில கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கோவையிலிருந்து: மகளுக்கு 9 வயது. ஐரோப்பா என்றாலே ரொட்டியும் பாஸ்தாவும்தானே? பேசாமல் ஜப்பான் போய்விடலாம் என்கிறார் என் கணவர். அங்கே சோறாவது கிடைக்குமே?

உங்கள் கணவர் மட்டுமல்ல, பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் பயணத்துக்கு இத்தாலிதான் போகச் சொல்வேன். கோதுமையையே மூன்று வேளையும் தின்கிற ஊரில் இந்த நோயைப் பற்றிப் பரிமாறுகிறவருக்கும் தெரியும். 2005-இல் சீலியாக்குக்கென்றே அங்கே தனிச் சட்டம் வந்தது. பள்ளி, மருத்துவமனை உணவுக்கூடங்களில் கேட்டால் குளூட்டன் இல்லாத சாப்பாடு தர வேண்டும். நோயாளிகளுக்கு மாதாமாதம் உணவு வாங்க அரசே உதவித்தொகை கொடுக்கிறது. மருந்துக் கடையில்கூட குளூட்டன் இல்லாத பாஸ்தா, பிஸ்கட் அடுக்கியிருக்கும். அந்த நாட்டு சீலியாக் சங்கம் உணவகங்களுக்குப் பயிற்சி கொடுத்து, பட்டியலும் வைத்திருக்கிறது. போகும் ஊர்களில் எந்தெந்தக் கடை அதில் இருக்கிறது என்று கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் போய் "சென்சா குளூட்டினே" என்று கேளுங்கள். மகளைக் காட்டி "செலியாகா" என்று ஒரு சொல் சேர்த்தால் இன்னும் நல்லது. அதைக் கேட்டதும், ஏதோ டயட் இருக்கிறார்கள் போல என்ற நினைப்பு அவர்களுக்குப் போய்விடும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொல்லவில்லை. குளூட்டன் இல்லாத மாவில் பீட்சா செய்தாலும், அதே மேடையில் மைதா பறந்துகொண்டிருந்தால் பிரயோஜனம் இல்லை. அடுப்பு தனியா, பாஸ்தா வேகவைக்கும் தண்ணீரும் வடிகட்டியும் தனியா என்று கேளுங்கள். நோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டையில் கோதுமை மாவு இருக்கும். சோளமாவுக் களியான பொலெந்தாவும் அரிசியில் செய்யும் ரிசோட்டோவும் இயல்பாகவே நமக்கு ஆகிறவை. ரிசோட்டோவில் என்ன சாறு ஊற்றினார்கள் என்று மட்டும் விசாரியுங்கள். ஐஸ்கிரீம் என்றால் கோன் வேண்டாம், கப். பிஸ்கட் போட்ட ஐஸ்கிரீமில் விட்ட கரண்டியையே எல்லாவற்றிலும் விடுவார்கள். கழுவிய கரண்டி கேட்டால் முகம் சுளிக்காமல் எடுப்பார்கள், திறக்காத டப்பாவிலிருந்து எடுத்துத் தருகிறவர்களும் உண்டு.

சரி, ஜப்பான். சோறு இருக்கிறது, ஆனால் சோற்றின் மேல் விழுவதெல்லாம் வில்லங்கம். வழக்கமான சோயா சாஸே கோதுமை சேர்த்து நொதிக்க வைத்ததுதான். மிசோ என்ற நொதித்த சோயா விழுதில் பார்லி மிசோ என்று ஒரு வகை உண்டு. சோபா நூடுல்ஸ் பக்வீட் என்ற தானியத்தில் செய்வது. பக்வீட் கோதுமை இனமே இல்லை. ஆனால் பெரும்பாலான கடைகளில் அதோடு கோதுமை மாவு கலப்பார்கள். முழுக்க பக்வீட் என்றாலும் கோதுமை நூடுல்ஸ் வெந்த தண்ணீரிலேயே அதுவும் வேகும். ஜப்பானியக் குழம்பு கெட்டியாக இருப்பதும் கோதுமை மாவால்தான். எல்லாவற்றையும் தாண்டி நான் பயப்படுவது தண்ணீருக்கு. வெயில் காலத்தில் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் பழுப்பு நிறத்தில் சில்லென்று ஒரு டம்ளர் வைப்பார்கள். அது வறுத்த பார்லி ஊறவைத்த நீர். பிள்ளை தாகத்தில் குடித்துவிட்டுத்தான் "கசக்கிறதே" என்று உங்களைப் பார்க்கும். பொட்டலங்களில் கோதுமையைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பார்லி அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. உணவகங்களுக்குக் கோதுமை விஷயத்திலும் அந்தக் கட்டாயம் கிடையாது.

போகவே கூடாது என்று சொல்லவில்லை. தமாரி என்ற, கோதுமை சேராத சோயா சாஸ் சின்ன பாட்டிலில் கையோடு இருக்கட்டும், எதெல்லாம் ஆகாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையும் இருக்கட்டும். சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுங்கள்.

சென்னையிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். விமானத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாடு பதிவு செய்தால் சைவமாகவே வருமா?

வராது. ஒரு பயணிக்கு ஒரு சிறப்பு உணவுக் குறியீடுதான் போட முடியும். ஜி.எஃப்.எம்.எல். என்று போட்டால் குளூட்டன் இருக்காது, ஆனால் கோழியோ மீனோ இருக்கலாம். ஏ.வி.எம்.எல். என்று போட்டால் சைவம் வரும், கூடவே சப்பாத்தியும் வரும். நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசினால் சில சமயம் குறிப்பு எழுதிக்கொள்வார்கள். அதை நம்பிப் பிள்ளையைப் பட்டினி போடாதீர்கள். குளூட்டன் இல்லாத உணவையே பதிவு செய்துவிட்டு, பழமும் காய்கறியும் மட்டும் அதில் எடுத்துக்கொண்டு, மீதிக்குக் கட்டுச்சோறு. புளியோதரை நன்றாகத் தாங்கும். தயிர்சாதம் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் தயிரைத் திரவக் கணக்கில் சேர்த்துத் தூக்கிப் போட்டாலும் போடுவார்கள்.

புளியோதரைக்குப் போடும் பெருங்காயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்னால் எழுதியிருப்பார்கள். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது.

திருச்சியிலிருந்து: மாமியாரும் எங்களோடு வருகிறார். "ஊருக்குப் போன இடத்தில் ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும், குழந்தை ஏங்குகிறதே" என்று கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது மேடம்.

அவருக்கு நோயின் பெயரை விளக்கிப் பயனில்லை, அளவைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து மூன்று மாதம் போனாலே குடலில் பழுது தெரிகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு துண்டு ரொட்டியில் 2 கிராமுக்கு மேல் இருக்கும். அதாவது அந்தத் துண்டை 40 பங்காகக் கிள்ளினால் அதில் ஒரு பங்கு. வயிறு வலிக்கவில்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. பல பிள்ளைகளுக்கு வெளியே எதுவும் தெரியாமலே உள்ளே கெடும்.

இதோடு ஒரு யோசனை. பாட்டிக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். பேரப்பிள்ளையின் தின்பண்டப் பை அவர் பொறுப்பு. முறுக்கு, கடலைமிட்டாய், கோதுமை சேர்க்காத பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் அதில் இருக்கட்டும். ஏங்குகிற நேரத்தில் கொடுக்க அவர் கையிலேயே ஏதாவது இருந்தால் பக்கத்து மேசை கேக்கைத் தேட மாட்டார். சட்டம் பேசியதைவிட இது எங்கள் வீட்டில் நன்றாகவே வேலை செய்தது.

தூத்துக்குடியிலிருந்து: ரோமுக்கும் லூர்துக்கும் திருயாத்திரை போகிறோம். என் மகளுக்கு சீலியாக். நற்கருணை வாங்கலாமா?

இதை யாருமே கேட்பதில்லை, நீங்கள் கேட்டீர்கள். திருப்பலி அப்பம் கோதுமையால்தான் ஆக வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கு. முழுக்கவே குளூட்டன் நீக்கிய அப்பம் செல்லாது என்று 2017-இல் வத்திக்கான் மறுபடியும் தெளிவாக்கியது. ஆனால் குளூட்டன் மிகக் குறைவான அப்பத்துக்கு அனுமதி உண்டு. அதில் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவுக்குக் கீழே இருப்பவையும் கிடைக்கின்றன. உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஊர் பங்குத்தந்தையின் கடிதத்தோடு, திருப்பலிக்கு முன்பே சக்கரிஸ்தில், அதாவது குருவானவர் தயாராகும் அறையில், போய்ச் சொல்லுங்கள். அந்த அப்பம் தனிச் சிமிழில் இருக்க வேண்டும், மற்ற அப்பத்தைத் தொட்ட விரல் அதைத் தொடக்கூடாது.

அதுவும் வேண்டாம் என்றால் திராட்சை இரசம் மட்டும் பெற்றாலும் நற்கருணை முழுமைதான். ஆனால் குருவானவர் அப்பத்தைப் பிட்டு ஒரு சிறு துண்டைத் தன் கிண்ணத்தில் இடுவாரே, அந்தக் கிண்ணம் ஆகாது. தனிக் கிண்ணம் வேண்டும் என்று கேளுங்கள்.

டொராண்டோவிலிருந்து: அக்கா, கோடை விடுமுறைக்கு பாரிஸில் பெரியம்மா வீட்டுக்குப் போறம். லாச்சப்பல் பக்கம் எல்லாம் எங்கட சாப்பாட்டுக் கடைதான். இடியப்பமும் புட்டும் அரிசி மாதானே, மகனுக்குப் பயமில்லாமல் குடுக்கலாமா?

பயந்தே கொடுங்கள் தங்கச்சி. உங்களுக்கே தெரியும், யாழ்ப்பாணத்துச் சமையலில் கோதுமை மாவை அவித்து அரிசி மாவோடு கலந்து இடியப்பம் பிழிவதும் புட்டு அவிப்பதும் சர்வசாதாரணம். வெள்ளை இடியப்பம் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். "அரிசி மாதானே?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும், கலந்ததைச் சொல்லத் தோன்றாது. "கோதம்பமா எவ்வளவு சேர்க்கிறனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் உண்மை வரும். கடை வடையிலும் கேட்க வேண்டும். சுத்தப் பருப்பில் செய்ததாகவே இருந்தாலும், கோதுமை மாவில் சுற்றிய ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்தது ஆகாது. கொத்து ரொட்டி பக்கமே போக வேண்டாம், அது தட்டும் கல்லில் வேறு எது செய்தாலும்தான்.

பெரியம்மா வீட்டிலேயே சிவப்பரிசி மா வாங்கி, புது இடியப்ப உரலில் பிழிந்தால் பிரச்சினை தீர்ந்தது. பிரெஞ்சுப் பொட்டலத்தில் "ப்ளே" என்றால் கோதுமை, "ஓர்ஜ்" என்றால் பார்லி. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி இவற்றைத் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுத்துக் காட்ட வேண்டும், அதனால் கண்ணுக்குச் சீக்கிரம் படும்.

மதுரையிலிருந்து: சிங்கப்பூரில் சீன சைவ உணவகங்கள் நிறைய என்கிறார்கள். நமக்கு வசதிதானே?

சைவத்துக்கு வசதி, சீலியாக்குக்கு ஆபத்து. கோழி மாதிரி, வாத்து மாதிரி என்று செய்து வைக்கும் சைவக் கறிகளில் பாதி அசல் குளூட்டனையே பிசைந்து செய்தவை. அதைவிட மோசமான உணவு இந்த நோய்க்கு இருக்க முடியாது. லிட்டில் இந்தியாவில் தோசை சாப்பிடலாம் என்றால், ரவா தோசையும் அதே கல்லில்தான். ஆவியில் வேகும் இட்லி பரவாயில்லை. சாம்பாரில் என்ன பெருங்காயம் என்று கேட்க முடியாவிட்டால் தேங்காய்ச் சட்னியோடு, தாளிப்பு இல்லாமல். மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது, நம்மூர் ஹார்லிக்ஸ் மாதிரியே.

காயல்பட்டினத்திலிருந்து: உம்ராவுக்குப் போகிறோம், உம்மாவுக்கு சீலியாக்.

கப்ஸா, மந்தி போன்ற சோறும் சுட்ட இறைச்சியும் பெரும்பாலும் ஆகும், மசாலாவை மட்டும் கேளுங்கள். ஹரீஸ் கோதுமை. தபூலேயில் கோதுமை நொய். சமோசா, ஷவர்மா ரொட்டி வேண்டாம். பேரீச்சம்பழம் இருக்கவே இருக்கிறது.

பெங்களூருவிலிருந்து: எவ்வளவு கவனமாக இருந்தும் தவறிச் சாப்பிட்டுவிட்டால் என்ன முதலுதவி?

முறிமருந்து இல்லை. குளூட்டனைச் செரிக்க வைக்கும் என்று விற்கும் மாத்திரைகளை நம்பி எதையும் சாப்பிட வைக்காதீர்கள். வாந்தி, பேதி இருந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல், அப்புறம் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, ஓய்வு. அன்றைய சுற்றுலாத் திட்டத்தை மறந்துவிடுங்கள். தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி எடுத்தாலோ, பிள்ளை துவண்டாலோ மருத்துவமனை.

கோதுமை ஒவ்வாமை என்பது வேறு நோய். அதில் முகம் வீங்கி மூச்சுத் திணறலாம், நிமிடங்களில் ஆபத்தாகும். உங்கள் பிள்ளைக்கு அதுதான் என்றால் அட்ரினலின் ஊசி இல்லாமல் வாசல்படி தாண்டக்கூடாது.

சேலத்திலிருந்து: பெட்டியில் என்னென்ன எடுத்துப் போகலாம்? ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு என்றால் பால் பொருளும் இறைச்சியும் கூடாது. நெய்யும் பால் பொருள்தான், பால்கோவாவும்தான். கறிவேப்பிலையையும் விட்டுவிடுங்கள். அரிசி அவல், பருப்புப் பொடி, அரிசி சேவை, வறுத்த கடலை போதும். ஆஸ்திரேலியா என்றால் எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள், மறைத்தால் அபராதம். கூடவே மருத்துவர் கடிதம் ஆங்கிலத்தில்.

குக்கர் ஐரோப்பாவில் பிளக்குக்கு அடாப்டர் போட்டால் ஓடும், அங்கேயும் 230 வோல்ட்தான். ஜப்பானில் 100 வோல்ட், நம் குக்கரில் அரிசி ஊறிக்கொண்டே இருக்கும், வேகாது. ஹோட்டல் அறையில் சமைக்கப் பல இடங்களில் தடை உண்டு, புகை உணரி அலறினால் மானம் போகும். வாடகை வீடாக எடுத்தால் அங்கிருக்கும் மரக்கரண்டி, டோஸ்டர், வடிகட்டி மூன்றையும் தொடாதீர்கள். ஒரு சின்ன வாணலி, ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி உங்களுடையது இருந்தால் போதும். குக்கருக்குப் பதில் நான் எடுத்துப்போவது இவற்றைத்தான்.