பாகற்காய்ச் சாறு சேர்த்தும் சாயம் பாதியில் நிற்பது

சாயக்கழிவுநீரின் நிறத்தைப் போக்கப் பாகற்காய்ச் சாறும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்தீர்கள்; அது முதலில் வெளுத்துப் பிறகு பாதி நிறத்திலேயே நின்றுபோனது. பெராக்சைடு முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றியதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பாகற்காய்ச் சாற்றிலுள்ள, சாயத்தைச் சிதைக்கும் பெராக்சிடேஸ் நொதி பெராக்சைடு இல்லாமல் இயங்காது. அளவு மிஞ்சினாலோ, அதே பொருள் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும்.

நின்றுபோன நீரை மூன்று குவளைகளில் பிரித்து, ஒன்றில் புதிய சாறும், இன்னொன்றில் சில சொட்டுப் பெராக்சைடும், மூன்றாவதில் சாற்றின் அளவுக்கு வெறும் தண்ணீரும் விடுங்கள் (நீர்த்துப்போவதை வெளுப்பென்று எண்ணி ஏமாறாதிருக்க இது அவசியம்). சாறு விட்டது மட்டும் வெளுத்தால், பழைய நொதி செயலிழந்துவிட்டது என்று பொருள்; இனிப் பெராக்சைடைச் சிறிது சிறிதாகச் சேருங்கள்.

எந்தக் குவளையிலும் நிறம் மாறாவிட்டால் பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) பாருங்கள். இங்கே மொரீஷியஸ் ஆலைகளில் பருத்திக்கு இடும் ரியாக்டிவ் (இழையோடு வேதிமுறையில் பிணையும்) சாயநீர் கடுங்காரமானது. இந்த நொதிக்கோ இலேசான அமிலத்தன்மையே ஏற்றது.

நிறம் போனாலும், அசோ சாயத்தின் (நைட்ரஜன் பிணைப்புள்ள செயற்கைச் சாயவகை) சிதைவுப் பொருள்கள் நிறமின்றி நீரில் தங்கியிருக்கலாம். ஆய்வகத்தில் நச்சுத்தன்மையைச் சோதிக்காமல் அதை ஓடையில் விடாதீர்கள்.