அமெரிக்க பேஸ்பால் டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் வரிசையா புது பிளேயர்களை தேர்ந்தெடுக்கறதுல, முதல் பிக் (முதல்ல தேர்ந்தெடுக்கற வாய்ப்பு) கையில இருந்தும், டீம்ல யார் இருக்கணும்னு முடிவு பண்ற ஜெனரல் மேனேஜர் (ஜிஎம்) சில சமயம் ஏன் "பெஸ்ட் பிளேயரை" எடுக்கறதில்ல?

ஏன்னா அங்க ஒரு ஆளை மட்டும் பாத்து முடிவு பண்றதில்ல, மொத்த டிராஃப்டையும் சேத்துதான் கணக்கு போடுவாங்க. ஒவ்வொரு பிக்குக்கும் பிளேயர் கையெழுத்து போட இவ்ளோ போனஸ்னு லீக்கே ஒரு தொகை வச்சிருக்கு, முதல் பத்து ரவுண்டோட தொகையை கூட்டினா அதுதான் டீமோட பட்ஜெட், அதை தாண்டினா அபராதம், ரொம்ப தாண்டினா வரப்போற வருஷத்து பிக்கும் போயிடும்.

2012ல ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பண்ணதை பாருங்க. ஜெஃப் லூனோ ஜிஎம். முதல் பிக்கோட மதிப்பு 72 லட்சம் டாலர், அவர் 17 வயசு கார்லோஸ் கொரியாவை 48 லட்சத்துக்கு எடுத்தாரு, மிச்சமான காசுல 41வது பிக்ல லான்ஸ் மெக்கல்லர்ஸை 25 லட்சம் கொடுத்து காலேஜ் போக விடாம கையெழுத்து வாங்கிட்டாரு. 2017ல ஆஸ்ட்ரோஸ் வேர்ல்ட் சீரிஸ், அதாவது லீக்கோட ஃபைனல், ஜெயிச்சப்ப ரெண்டு பேருமே டீம்ல இருந்தாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச டிராஃப்ட் இதுதான்.

ஆனா எடுக்கறது பாதி வேலைதான். அதுக்கப்புறம் பெரிய லீக்குக்கு கீழ இருக்கற மைனர் லீக்ல சிங்கிள் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏன்னு படிப்படியா ஏறி வரணும், கொரியாவுக்கே மூணு வருஷம் ஆச்சு. நல்லா வளர்த்தா எந்த ரவுண்டுல வந்தாங்கறது முக்கியமே இல்ல, பெரிய ஸ்டாரான ஆல்பர்ட் பூஹோல்ஸை 1999ல எடுத்தது 13வது ரவுண்டுலதான். ஆஸ்ட்ரோஸ் ஸ்டார் ஹோசே அல்டூவே டிராஃப்ட்லயே வரல, வெனிசுவேலால இருந்து வெறும் 15,000 டாலருக்கு வந்தவர்.